மாடி வீட்டில் ஒரு ரீங்காரம்

என் மகள் பேசமாட்டாள். ரீங்காரம் போடுவாள். உதட்டை மூடிக்கொண்டு, மூக்கின் அடியிலிருந்து, ஒரே சுருதியில். மூங்கிலுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். எனக்கு அது சரியாகக் கேட்காது. ரேணிகுண்டாவில் வெல்டிங் பட்டறையில் இரும்பு அடித்து அடித்து என் காது பாதி போய்விட்டது. மகளுக்கோ காது அதிகம். அடுத்த தெருவில் குக்கர் விசில் அடித்தால் இங்கே காதைப் பொத்திக்கொள்வாள். என்னிடமிருந்து போனதெல்லாம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

திருப்பதியில் நாங்கள் குடியிருப்பது ஒரு மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் மலை. விடிகிற நேரத்தில் மலை இருக்காது, பால் மாதிரி ஒரு மூட்டம்தான் இருக்கும். பிறகு அதற்குள் ஒரு கோடு வரும். கோடு தடிக்கும், நீலமாகும். மகள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்றபடி ரீங்காரம் போடுவாள். அவள் போடப்போட மலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பாயில் அரைத் தூக்கத்தில் கிடந்து பார்க்கும்போது, இவள் நிறுத்திவிட்டால் மலை திரும்ப உள்ளே போய்விடும் என்று தோன்றும்.

அதைத்தான் கீழ்வீட்டு ஓனரம்மா நிறுத்தச் சொன்னார்.

“ஏமய்யா, ஜாத்திரை முடிஞ்சதும் எம்பொண்ணைப் பார்க்க வர்றாங்க. மேல இந்தச் சத்தம் கேட்டா இன்னா நினைப்பாங்க? ஊட்ல ஏதோ இருக்குதுன்னு காபி கூட குடிக்காம எழுந்து போய்டுவாங்க. நீ வேற வீடு பார்த்துக்கோ.”

“அவளுக்கு அது மூச்சு விடற மாதிரி அக்கா. நிறுத்த முடியாது.”

“மூச்சுன்னா சத்தம் இல்லாம விடச் சொல்லு.”

ஒரு விஷயத்தில் மட்டும் மனசு வைத்தார். கங்கம்மா ஜாத்திரைக்குச் சாட்டிவிட்டால், முடிகிற வரைக்கும் ஊரை விட்டு வெளியே போய்த் தங்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். எங்கள் தெருவில் இன்னும் அதைப் பார்ப்பார்கள். சாட்டியும் ஆகிவிட்டது. அதனால் அம்மன் நாளில் குடி கிளப்ப வேண்டாம், ஜாத்திரை முடிகிற வரை இருந்துகொள், முடிந்ததும் சாமான் இறக்கு என்றார்.

வீடு மாறுவது பெரிய விஷயமா என்று கேட்பார்கள். எங்களுக்குப் பெரிய விஷயம். முன்பு சித்தூரில் இருந்தோம். அங்கே அவளுக்குக் கொஞ்சம் சொற்கள் இருந்தன. தண்ணி. பஸ்ஸு. நைனா. நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளிருந்து “நைனா” என்று வரும். என் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டாள், செருப்பைப் பார்த்துத்தான் சொல்வாள். அது போதும் எனக்கு. பட்டறை வேலைக்காகத் திருப்பதிக்கு வந்தோம். புது வீட்டில் சுவர் ஓரமாகச் சுருண்டு கிடந்து அழுதாள். அழுது முடித்தபோது சொற்கள் ஒன்றும் இல்லை. பழைய வீட்டுப் பரணில் மறந்து விட்டுவிட்டு வந்த சாமான் மாதிரி அங்கேயே நின்றுவிட்டன. ரொம்ப நாள் கழித்துத்தான் இந்த ஜன்னலைக் கண்டுபிடித்தாள், மலையைக் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு வந்ததுதான் ரீங்காரம். இந்த வீட்டையும் பிடுங்கினால் அதுவும் போய்விடும். மிச்சம் என்ன இருக்கும்?

இந்தப் பெண்ணுக்காக நாங்கள் ஏறாத படியில்லை. சின்ன வயதிலிருந்தே நுனிக்காலில்தான் நடப்பாள். மனைவியின் சொந்த ஊர் எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூர்ப் பக்கம். அங்கே யாருக்கு எங்கே வலித்தாலும் முதலில் எலும்பைத்தான் சந்தேகப்படுவார்கள். “குதிகால் எலும்பு ஏறிக்கினு இருக்குது, கட்டு போட்டா இறங்கிடும்” என்று மாமனார் வீட்டில் எல்லோரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் முட்டையின் வெள்ளையும் பச்சிலையும் பூசி, மூங்கில் தப்பை வைத்து, கால் இரண்டையும் கட்டிவிட்டார். அவள் அன்றைக்கு முழுக்க வீறிட்டாள். மறுநாள் கட்டோடு நுனிக்காலில் நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை பேர் சேர்ந்து ஒரு குழந்தையின் குதிகாலைத் தரையில் வைக்கப் பார்த்தோம், முடியவில்லை. நானே கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன்.

காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கும் போனோம். கூட வந்தவர்கள் வேண்டிக்கொண்டார்கள். அவள் சாமியைப் பார்க்கவில்லை. குளத்துப் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் வெயில் உடைந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டி ஆட்டி அந்த ஒளியை இன்னும் சின்னதாக நறுக்கினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து விரலை ஆட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே அழகாக இருந்தது. குளம் முழுக்க வெள்ளி மீன் துள்ளுகிற மாதிரி. எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்று தெரியாது. “புள்ளைதான் அப்படின்னா உனக்கும் புத்தி கெட்டுப் போச்சா?” என்று மச்சான் வந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எழுந்தேன்.

கடைசியில் திருப்பதியில் ஒரு டாக்டரம்மா சொன்னார். ஆட்டிசம். “இது நோயில்லைங்க, சாபமும் இல்லை. உலகத்தை வாங்கிக்கிற விதம் இவளுக்கு வேற. நமக்கு மெதுவாக் கேக்கிறது இவளுக்கு இடி மாதிரி கேக்கும். மாத்திரை கொடுத்து மாத்துற விஷயம் இல்லை. கத்துக் கொடுக்கலாம். நீங்களும் கத்துக்கணும்.”

நீங்களும் கத்துக்கணும் என்றதில் எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் மனைவியிடம் கத்தினேன். மனைவி வாழைப்பழத்தை உரித்து மகள் வாயில் வைத்துக்கொண்டே, “கத்துறத நிறுத்து, அதுதான் மொதல் பாடம்” என்றாள்.

பிறகு சித்தூரில் ஒரு மண்டபத்தில் ஆட்டிசம் பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் என்றார்கள். போனோம். வாசலிலேயே மேளம். உள்ளே நீல நிற பலூன்கள், ஆள் உயர ஸ்பீக்கர். பேசியவர் மைக்கைத் தின்றுவிடுவது போல வைத்துக்கொண்டு, இந்தக் குழந்தைகளின் உணர்வை நாம் மதிக்க வேண்டும் என்று முழங்கினார். அவர் எதிரே அந்தக் குழந்தைகள் வரிசையாகக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பலூன் வெடித்தது. என் மகள் நாற்காலிக்கு அடியில் போய்விட்டாள். நான் எழுந்து, “யோவ், யாருக்குய்யா விழிப்புணர்வு? மொதல்ல அந்த மைக்கை அமுத்துய்யா!” என்று கத்தினேன்.

யாரோ பயந்துபோய் மைக்கை அமுத்திவிட்டார்கள். மண்டபம் அமைதியானது. அப்போது, ஒரு மூலையிலிருந்து மெல்ல ஒரு ரீங்காரம் வந்ததாம். வேறொரு மூலையிலிருந்து இன்னொன்று. எனக்குக் கேட்கவில்லை, மனைவிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அங்க ஒரு புள்ள. அதோ அங்க ஒண்ணு. இப்ப நம்ம புள்ளயும். ஃபேன் காற்றில் நீல பலூன்கள் மேலே மெதுவாக உருண்டுகொண்டிருந்தன. கண்ணை மூடினால் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அந்தக் கூட்டத்தில் நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அப்புறம் மறுபடி மைக்கைப் போட்டார்கள். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

இனி ஜாத்திரைக்கு வருகிறேன்.

கங்கம்மா ஜாத்திரையில் நாளுக்கு ஒரு வேஷம் போடுவார்கள். அதில் பண்ட வேஷம் என்று ஒன்று. உடம்பெல்லாம் குங்குமத்தைப் பூசிக்கொண்டு, முகத்தில் கரிப்பொட்டு வைத்து, கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு தெருவில் வரவேண்டும். அன்றைக்கு வேஷம் போட்டவன் யாரை வேண்டுமானாலும் என்ன வார்த்தையில் வேண்டுமானாலும் திட்டலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. திட்டு வாங்குவது நல்லது, அம்மனே அவன் வாயால் திட்டி நம் கெட்டதை எடுத்துக்கொள்கிறாள் என்று நம்பிக்கை.

இதைவிட எனக்கு என்ன வேண்டும்? நெஞ்சுக்குள் அடைத்துவைத்திருந்த அத்தனையையும் தெருவில் கொட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். மனைவி வேண்டாம் என்றாள். “நீ வேஷம் போடாமயே அப்படித்தானே பேசற” என்றாள். நான் கேட்கவில்லை. மகளை உள் அறையில் போர்வைக்குள் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். மேளச் சத்தம் வந்தால் மகளுக்கு அந்தப் போர்வைதான் வீடு.

காலை வெயிலில் சிவப்பாக இறங்கினேன். தெருவில் எல்லோருமே சிவப்பு. பேங்கில் வேலை செய்கிறவன், இட்லிக் கடைக்காரன், காலேஜ் பசங்கள், ஒருவனையும் அடையாளம் தெரியவில்லை. குங்குமப் புகைக்குள் சிவப்பு உருவங்கள் கைகளை ஆட்டிக்கொண்டு, குதித்துக்கொண்டு, என்னென்னவோ கத்திக்கொண்டு மிதந்து போனார்கள். என் மகள் கையை ஆட்டினால் நின்று வேடிக்கை பார்க்கிற அதே தெரு. எனக்குக் கனவு மாதிரி இருந்தது. ஒரு நாள் ஊரே என் மகள் மாதிரி ஆகிவிட்டது, அவள் மட்டும் அதைப் பார்க்காமல் போர்வைக்குள் இருக்கிறாள்.

முதலில் எதிர்வீட்டுக்காரனிடம் போனேன். அவன் பிள்ளைகளை என் மகளோடு சேரவிடமாட்டான், ஒட்டிக்கொள்ளும் என்பான். பாதி தமிழ், பாதி தெலுங்கு. இங்கே எழுத முடியாத வார்த்தைகள். அவன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே, “இங்கா திட்டு நாயனா, இங்கா” என்றான். இன்னும் திட்டு என்று கேட்கிறான்! பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாட்டி, “எங்க ஊட்டாண்டயும் வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போப்பா, மருமகளுக்கு மூட்டுவலி” என்று கூப்பிட்டாள். என் பெண்ணைப் பைத்தியம் என்று சொன்ன டீக்கடைக்காரனைத் திட்டினேன். அவன் என் காலில் தண்ணீர் ஊற்றினான். நான் நிஜமாகத் திட்டத் திட்ட அவர்கள் நிஜமாகச் சந்தோஷப்பட்டார்கள். சுவரில் தலையை மோதலாம், சுவருக்கு வலிக்காவிட்டாலும் தலையாவது வலிக்கும். இது பஞ்சு மூட்டையில் மோதுகிற மாதிரி.

கடைசியில் எங்கள் வாசல். ஓனரம்மா படியில் நின்றிருந்தார். தொண்டை கிழியக் கத்தினேன்.

“உன் தண்ணி மோட்டார் காலையில ஊளையிடுதே, அது எம்பொண்ணு காதுல ஆணி அடிக்கற மாதிரி இருக்குதுடி! அவ ஏன் முனகறா தெரியுமா? உன் மோட்டாரு, உன் மிக்ஸி, உன் வாயி, இதையெல்லாம் உள்ள வராம தடுக்கறதுக்கு அவகிட்ட அது ஒண்ணுதான் கதவு! அதைப் பிடுங்கிப் போடச் சொல்றியே, நீ பொம்பளையா?”

“தல்லி, தல்லி” என்று அம்மனைக் கூப்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு சொம்பு மோர் கொடுத்தார். நான் குடித்தேன். வேறென்ன செய்வது? தொண்டை அப்படி வறண்டிருந்தது.

மாடி ஏறினேன். என்னைப் பார்த்ததும் மனைவி, “அய்யய்ய, போய்க் கழுவிக்கினு வா, புள்ள பயந்துக்கும்” என்றாள்.

பிள்ளை பயப்படவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. என் விரலைப் பிடித்து உள்ளே இழுத்தது, அவள் முகர்ந்து பார்த்தாள். இரும்பு வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் என் கையை விட்டுப் போகாது. அவள் ஒருநாளும் என் முகத்தைப் பார்த்ததில்லை. முகம் பார்க்காதவளுக்கு வேஷம் ஏது? என் உள்ளங்கையை இழுத்துத் தன் காதின்மேல் அழுத்திக்கொண்டாள். கன்னமெல்லாம் குங்குமம் ஒட்டியது. வெளியே மேளம் போய்க்கொண்டிருந்தது. அவள் ரீங்காரம் போட்டாள். எனக்குக் காதில் கேட்கவில்லை, கை எலும்பு வழியாக ஏறி, முழங்கை, தோள் என்று வந்து நெஞ்சில் நின்றது. மேளம் தூரத்தில் எங்கேயோ, வேறு ஊரில் அடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. அறைக்குள் ஜன்னல் வெளிச்சத்தில் குங்குமத் தூள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படியே தூங்கிவிட்டேன்.

ஜாத்திரை முடிந்த மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. சாமானைக் கட்டச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துத் திறந்தேன். ஓனரம்மா கையில் தாம்பாளம். மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், கற்பூரம்.

“நீங்க காலி பண்ண வேணாம்ப்பா” என்றார். குரலே மாறியிருந்தது. “அன்னிக்கி கங்கம்மாவே வந்து சொல்லிட்டா. என் மோட்டாரைப் பத்தி, மிக்ஸியைப் பத்தியெல்லாம் சொன்னாளே! பாப்பா அம்மன் அம்சம். எனக்குத்தான் கண்ணு தெரியல. எம்பொண்ணுக்கு இந்தச் சம்பந்தம் அமையுமான்னு பாப்பாவை ஒரு தடவை கேட்டுச் சொல்லு.”

மகள் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். ஓனரம்மா அவள் காலைத் தொடக் குனிந்தார். தொட்டால் அவளுக்கு ஆகாது, சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மனைவி என் சட்டையைப் பின்னால் இழுத்தாள். “சும்மா இருய்யா. வீடு தங்குதே, வாயை மூடிக்கினு இரு” என்று காதருகே சொன்னாள்.

சும்மா இருந்திருக்கலாம். பேசாமல் தலையாட்டியிருந்தால் வீடு எங்களுக்குத்தான். ஆனால் எனக்குக் கண் முன்னால் தெரிந்தது. நாளைக்கு எதிர்வீட்டுக்காரன் தாம்பாளத்தோடு வருவான். அப்புறம் தெரு வரும். கற்பூரம், மேளம், உடுக்கை, நடுவில் என் மகள் காதைப் பொத்திக்கொண்டு. சொன்ன வாக்குப் பலிக்கவில்லை என்றால் மறுபடி பேய். பேயாக இருக்கவும் விடமாட்டார்கள், சாமியாக இருக்கவும் விடமாட்டார்கள். பிள்ளையாக மட்டும் இருக்க விடவேமாட்டார்கள்.

“அக்கா” என்றேன். கத்தாமல்தான் சொன்னேன். “அன்னிக்கி பேசினது கங்கம்மா இல்ல. நான்தான். குடிக்காம, தெளிவா, வேணும்னே திட்டினேன். இவ அம்மனும் இல்ல, பேயும் இல்ல. எம்பொண்ணு. ஆட்டிசம்னு பேரு அதுக்கு. சத்தம் தாங்காது, தொட்டா தாங்காது, வீடு மாத்தினா தாங்காது. முனகினாத்தான் மனசு நிக்கும். அவ்ளோதான் விஷயம். சம்பந்தம் அமையுமான்னு எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.”

ஓனரம்மா நிமிர்ந்தார். முகம் சுருங்கியது. “அப்போ என்னை நீ வேணும்னேதான் திட்டினியா?”

“ஆமா.”

“டி போட்டுக் கூப்பிட்டியே!”

“ஆமா அக்கா.”

“மோர் வேற குடுத்தேனே உனக்கு!”

தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். “உன் வாய்க்கு ஒரு வெல்டிங் வைக்க மாட்டியா?” என்றாள்.

ஓனரம்மா இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள் வந்தது. நான் பட்டறைக்குப் போகவில்லை. மத்தியானம், வெயிலில் மலை வெளுத்துப்போய் ஆவி மாதிரி நின்றது. கீழே செருப்புகள் நிறைந்தன. மகள் ஜன்னலில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளைத் தடுக்கவில்லை. நானும் மனைவியும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். மனைவி கேட்டு எனக்குச் சொல்லவேண்டும்.

கீழே பேச்சு நின்றது. “என்னமோ சத்தம் கேக்குதே, இன்னா அது?” என்று ஒரு பெண் குரல் கேட்டதாக மனைவி சொன்னாள். என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். “ஓனரம்மா பேசுது. ‘மாடியில ஒரு பாப்பா இருக்குது. அது அப்படித்தான். பெரிய சத்தம் அதுக்கு ஆகாது. நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசுங்க’ன்னு சொல்லுது.”

“நெஜமாவா?”

“‘அவங்கப்பன் ஒரு வாய்க்கொழுப்பு புடிச்சவன், புள்ள நல்ல புள்ள’ன்னும் சொல்லுது.”

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அவர்கள் கார் கேட்டார்களாம். ரீங்காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். ஓனரம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. எதிர்வீட்டுக்காரன் மாறவில்லை, அவனை நான் அடுத்த ஜாத்திரைக்குக் காத்திருக்காமலே திட்டிவிட்டேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் ஓனரம்மா கீழே முற்றத்தில் வந்து நின்று மேலே பார்ப்பார். “பாப்பா, மோட்டார் போடறேன்” என்று சொல்வார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார். ஜன்னலில் நிற்கிறவள் திரும்பிப் பார்க்கமாட்டாள், பதிலும் சொல்லமாட்டாள். இரண்டு கையும் மெல்ல எழுந்து காதுக்குப் போகும். அது பதிலென்று ஓனரம்மாவுக்குத் தெரியும். பிறகுதான் சுவிட்சைத் தட்டுவார். மோட்டார் ஊளையிடும். காதைப் பொத்தியபடியே நுனிக்காலில் நின்று அவள் ரீங்காரம் போடுவாள். மூட்டத்துக்குள்ளிருந்து மலை வர ஆரம்பிக்கும்.